காலால் மிதிக்கக்கூடாத பெட்டி

பேஸ் கிடார் வாசிக்கிறவனைப் பார்த்து எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "மீதி ரெண்டு கம்பி எங்க?" என்பதுதான். மற்ற கிடாரில் ஆறு கம்பி, என்னுடையதில் நாலு. கார்வேட்டிநகரத்தில் கேட்டார்கள், புத்தூரில் கேட்டார்கள், சித்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக மேடை ஓரம் வந்து கேட்டார். கேட்ட ஒவ்வொருவரும் அந்த நகைச்சுவையைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரித்தார்கள். கொஞ்ச காலம் நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் அலுத்துவிட்டது.

இரண்டாவது கேள்வி என் பெண்டாட்டி கேட்டது. கல்யாணமான புதிதில் அவளை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், எப்படி இருந்தது என்று பெருமையாகக் கேட்டேன்.

"நீ விரல ஆட்டிக்கினு நின்ன மாமா, பாத்தேன். உன் சத்தம் எதுன்னுதான் தெரியல," என்றாள்.

அவள் என் அத்தை மகள். பாலசமுத்திரத்துக்காரி. முகத்துக்காகப் பேசத் தெரியாது. பேஸ் என்பது அடியில் தடிமனாக ஓடும் சத்தம், அது ஓடும்போது தெரியாது, நின்றால்தான் பாட்டு வெறும் டப்பாவாகிவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். "அப்போ ஒருவாட்டி நிறுத்திக் காட்டு," என்றாள். மேடையில் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் ஓனர் கொன்றுபோடுவார். அதனால் கடைசிவரை என் சத்தம் எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிவரை என்றால், இதில் நான் சொல்லப்போகிற கடைசிவரை.

ஓனர் என்பவர் எங்கள் பாட்டுக்குழுவின் சொந்தக்காரர். திருப்பதிக்காரர். கீபோர்டு அவரே வாசிப்பார், மைக்கும் அவரே பிடிப்பார். வேன் அவருடையது, ஸ்பீக்கர் அவருடையது, டிரம்முக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பேடு வாசிக்கிறவர் அவருடைய மச்சான். மிச்சமிருந்த நாங்கள் வந்துபோகிறவர்கள். அண்ணா என்று கூப்பிடுவோம். அவர் எல்லோரையும் நைனா என்பார். எங்கள் ஊரில் நைனா என்றால் அப்பா. அவர் வாயில் அது ஒரு தினுசான வசவு.

எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரு பாட்டு உருப்படியாக முடிவது அபூர்வம். பாதியில் யாராவது பெரிய மனிதர் வந்துவிடுவார். பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச், மாஜி சர்பஞ்ச், சர்பஞ்சாக நிற்கப்போகிறவர். உடனே பாட்டை நிறுத்தி அவருக்குச் சன்மானம் செய்ய வேண்டும். சன்மானம் என்றால் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தி, தெலுங்கிலும் தமிழிலும் புகழ்ந்து, போட்டோ எடுத்து இறக்கிவிடுவது. அந்த நேரம் மேடை சத்தமில்லாமல் இருந்தால் வந்தவருக்கு அவமரியாதை. முழுப் பாட்டும் ஓடினால் புகழ்ச்சி கேட்காது, அதுவும் அவமரியாதை. ஆகவே மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொள்ள, பேஸ் மட்டும் அந்தப் பாட்டின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப அடியில் ஓட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் என் வேலை. அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், பாட்டுக்காரி சேலையைச் சரிசெய்துகொள்வாள். நான் ஓட்டிக்கொண்டிருப்பேன். சால்வை எப்போது முடியும் என்று சால்வைக்கே தெரியாது. விரல் நுனி தீய்ந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். முழு மேடையையும் நான் ஒருவன் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். யாருக்கும் தெரியாமல் தாங்குவதில் ஒரு திமிர் இருக்கிறது.

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் குழு கரைந்தது. முதலில் தபலாக்காரன் போனான். கம்பெனி பஸ் விடியும் முன்பே ஊருக்குள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ஷிப்டு முடிந்ததும் வந்து வாசிக்கிறேன் என்று சொல்லித்தான் போனான். ஒருமுறைகூட வரவில்லை. ஒருநாள் புத்தூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். நீல யூனிஃபார்மில் தூங்கி வழிந்துகொண்டு நின்றான். தொடையில்கூடத் தாளம் போடவில்லை. அடுத்து ரிதம் கிடார் வாசித்த என் சிநேகிதன் பெங்களூருக்கு ஆபீஸ் வண்டி ஓட்டப் போனான்.

சிநேகிதன் போன வாரமே ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம் நைனா, கிடார் போயிட்சி. வேற ஆளு நான் சேக்கறதா இல்ல. என் கீபோர்டுல எடது கையாலயே பேஸ் வருது. அப்போ நீ எதுக்கு? ரெண்டு ஆளு வேல ஒர்த்தனே செய்ய முடிஞ்சா இரு. இல்லன்னா கம்பெனி பஸ்ஸு உங்க ஊருக்கும் வருதில்ல?"

அவர் இடது கையைப் பற்றி எனக்குத் தெரியும். சோற்றில் மோர் ஊற்றக்கூடத் துணியாத கை அது. நான் வராத நாளில் சன்மானம் கொஞ்சம் நீண்டால் தாளம் தப்பி மச்சானைப் பார்த்து முறைப்பார். ஆனால் ஓனரின் கை தப்பினால் அது தப்பில்லை.

வீட்டிலும் அதே பாட்டு. என் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன், கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எனக்காக ஓர் இடம் பிடித்துவைத்திருந்தான். கோயில் திருவிழாக்கள் நடக்கிற ஜாத்திரை சீசன் முடியும்வரை வைத்திருப்பானாம், அதற்குமேல் முடியாதாம். "அண்ணன் எவ்ளோ நாளு தாங்குவான் மாமா? சத்தமே கேக்காத வேலைக்கு இன்னா இவ்ளோ வீம்பு?" என்றாள் பெண்டாட்டி. எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அவள் அந்தச் சோற்றைத் தன் தட்டில் கொட்டித் தின்ன ஆரம்பித்துவிட்டாள். வீம்புக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

சீசன் முடிவதற்குள் ஒருவனே இருவர் வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் நீல யூனிஃபார்ம். விஷயம் அதுதான்.

வழியைச் சொன்னது பெங்களூர் சிநேகிதன். போனில் ஒரு வீடியோ அனுப்பினான். வெள்ளைக்காரன் ஒருவன் காலால் ஒரு சின்னப் பெட்டியை மிதிக்கிறான், கொஞ்சம் வாசிக்கிறான், மறுபடி மிதிக்கிறான். வாசித்தது தானாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதன்மேல் அவன் வேறொன்று வாசிக்கிறான். லூப்பர் பெடல் என்று பெயர். எனக்குப் புல்லரித்துவிட்டது. சன்மானத்துக்கு நான் விரல் தேய ஓட்டுவதை அந்தப் பெட்டி ஓட்டும். அதன்மேல் நான் சிநேகிதனின் ரிதத்தை வாசிக்கலாம். பேஸின் மேல் கம்பிகளில் சுரங்களைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் ஓரளவுக்கு ஒப்பேற்றிவிடலாம்.

"என் எடத்துல பொட்டி வெக்கப் போறியா? வெய்யி, வெய்யி. பெட்ரோலு செலவு மிச்சம்," என்று சிநேகிதன் சிரித்தான். பின்னால் வண்டி ஹார்ன்கள் கேட்டன. "மெமரி கீறதா பாத்து வாங்கு மச்சான். நம்ம ஊரு ஜெனரேட்டரு கத தெரியுமில்ல," என்றான். 

வாங்கப் பணம் வேண்டுமே. வீட்டில் எனக்கென்று இருந்த ஆம்ப்ளிஃபயரை விற்றேன். இனி ஓனரின் ஸ்பீக்கர் இருந்தால்தான் என் கிடாருக்குக் குரல். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வாத்தியக் கடை. மிருதங்கம், ஆர்மோனியம், ஜால்ரா, பஜனைக் கோஷ்டிகளுக்கு வேண்டிய எல்லாம் முன்னால் இருக்கும். கிடார் சாமான்கள் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்கும். என் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டே போனேன். லூப்பர் வேண்டும் என்றேன்.

"இன்னா அது, ஒண்ணயே திருப்பித் திருப்பிப் பாடணும், அவ்ளோதானே?" என்ற கடைக்காரர், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரப் பெட்டியை எடுத்து வைத்தார். சொருகிவிட்டால் நாமம் சொல்லிக்கொண்டே இருக்குமே, அது. "இத வாங்கிக்கினு போ. வருசம் பூரா நிக்காது. புண்ணியமும் வரும்."

அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே விற்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். திருப்பதியில் அது இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

கண்ணாடி அலமாரியில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று பெரியது, இரண்டு மிதிகட்டை உள்ளது. ஓட்ட ஒன்று, நிறுத்த ஒன்று. மேடைக்கு அதுதான் லட்சணம். விலையைக் கேட்டதும் கண்ணாடியை நானே மூடினேன். இன்னொன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சீனத்துச் சரக்கு, விலையும் அப்படித்தான். சொருகிப் பார்த்தேன். கிடார்க்காரனுக்குச் செய்தது அது. என் தடித்த கம்பியை அடித்துச் சுற்றவிட்டால், திரும்பி வரும்போது வயிறு ஒட்டிப்போய் வந்தது. நேராக வாசித்ததற்கும் சுற்றி வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரரின் சோதனை ஸ்பீக்கரோ உள்ளங்கை அகலம். அதில் அடிச்சத்தம் காதுக்கு வராது. அதனால் ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வயிற்றால் கேட்டேன். பஜனைக்கு ஜால்ரா வாங்க வந்த அம்மாள் ஒருத்தி தன் பையை நகர்த்திவைத்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய குறை, கரண்டு போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். எங்கள் மேடைகளில் கரண்டு போகாமல் ஒரு கச்சேரி நடந்ததில்லை.

மூன்றாவதும் ஒற்றை மிதிகட்டைதான். ஒரு மிதி மிதித்தால் பதிவு, இன்னொரு மிதியில் சுற்ற ஆரம்பிக்கும், அடுத்தடுத்து இரண்டு மிதித்தால் நிற்கும். அந்த இரண்டாவது மிதி ஒரு நூல் தாமதமாகிறது, பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் அடிச்சத்தம் போனபடியே திரும்பி வந்தது. மடியில் அதே குத்து, அதே கனம். கரண்டைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினேன். நான் வாசித்தது உள்ளே அப்படியே இருந்தது. பாட்டுக்கு ஒன்றாக எவ்வளவோ வைத்துக்கொள்ளலாமாம். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒயர் சொருகிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமாம். பேட்டரி போடும் வசதி இல்லை, அடாப்டரும் தனியாக வாங்க வேண்டும். கடைக்காரர் தன் கடை இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைக் கழற்றி என் தலையில் கட்டப் பார்த்தார். சொருகினால் தேனீக்கூடு கலைந்த இரைச்சல். சரியானதைத் தேடித் தரும்வரை நான் கடையைவிட்டு நகரவில்லை. சாயந்திரமாகிவிட்டது.

"உன்ன மாதிரி ஒர்த்தன் பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு கெயவி ஆயிடும்," என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபமே வரவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன், அந்தப் பெட்டியில் ஒரு குறையும் கிடையாது.

புதிதாக வந்த எதையும் பூஜை போடாமல் மேடை ஏற்ற மாட்டோம். மைக் ஒயரைக்கூட. ஆகவே வெள்ளிக்கிழமை அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், ஒரு சாமந்தியைச் செருகினேன். பொட்டு எங்கே வைப்பது? நடுவில் பளபளவென்று இருந்த இடம் மிதிகட்டைதான். அதன் தலையிலேயே வைத்தேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். அந்தப் பொட்டை வைத்த விரலை இன்றைக்கும் பார்த்துத் திட்டுகிறேன்.

முதல் கச்சேரி கார்வேட்டிநகரத்தில். மேடை அம்மனுக்கு நேர் எதிரில். மேடைப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவோம், செருப்பெல்லாம் கீழே. வாத்தியத்தின்மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஆட்கள் நாங்கள். நான் என் வலது காலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து ஒயரைச் சொருகி, பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். ஓனர் பார்த்துவிட்டார். மைக் கையில் இருந்தது, அதை அணைக்கவும் இல்லை.

"ஏம் நைனா! பொட்டு வெச்சி, பூவு வெச்சி, சாமின்னு கும்புட்டுட்டு, இப்போ கால வெச்சி மிதிப்பியா? அம்மா எதுர்லயே?"

ஊரே கேட்டது. முன்வரிசைக் கிழவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். குங்குமம் என் பெருவிரலில் ஒட்டியிருந்தது. காட்டிக்கொடுக்க அது ஒன்று போதாதா?

"உங்க கீபோர்டுக்கு அடியிலயும் ஒரு பெடல் கீதே அண்ணா, அத நீங்க காலாலதானே…" என்றேன்.

"அது தரைல கெடக்குற சாமானு. சரஸ்வதி மேல கீறா," என்றார். மச்சான் பேடு வாசிக்கும் குச்சியால் தலையைச் சொறிந்தபடி ஆமாம் போட்டார்.

பெட்டியைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன், கையால் அழுத்தலாம் என்று. அழுத்தக் கையை எடுத்தால் கம்பியிலிருந்து கை போய்விடுகிறது. முதல் அடியே விழாமல் பதிவாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பல் விழுந்த ஓட்டை. சால்வை வாங்க வந்த பெரிய மனிதர் ஒவ்வொரு ஓட்டைக்கும் திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கதை அன்றைக்கே முடிந்தது என்று நினைத்தேன்.

முடித்துவைக்காமல் ஓனர்தான் காப்பாற்றினார். நாற்காலியோடு பெட்டியை இழுத்துத் தன் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீ வாசி. நான் அமுக்கறேன்," என்றார்.

அவர் விரலால் அழுத்தினார், நான் வாசித்தேன், மறுபடி அழுத்தினார். சுற்ற ஆரம்பித்தது. ஒரு பிசிறு இல்லை. அடுத்த சன்மானத்தில் என் பேஸ் அடியில் தானாக ஓட, நான் மேல் கம்பிகளில் ரிதம் வாசித்தேன். மேடையில் எங்கள் சிநேகிதன் திரும்பி வந்துவிட்ட மாதிரியே இருந்தது. ஓனர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பாக உந்தி நைனா, பாக உந்தி." அவர் என் வாசிப்பை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் பெண்டாட்டியிடம், கம்பெனி இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லு என்றேன். "சீசன் முடியட்டும்," என்றாள்.

அந்தச் சீசன் எனக்கு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஒருநாள் ஓனர் என்னைத் தன் வீட்டு மாடிக்கு வரச்சொன்னார். மேடையில் ஒவ்வொரு தடவையும் பதிவு செய்வது இடைஞ்சல், எல்லாப் பாட்டுக்கும் இங்கேயே சுத்தமாக வாசித்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. வாசித்தேன். சன்மானத் துண்டுகளை மட்டுமல்ல, பிறகு பாட்டுகளையே முழுசாக வாசித்தேன். ஃபேன் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்தேன். ஒரு சன்மானத் துண்டில் மட்டும் வியர்வையில் விரல் வழுக்கி, ஓர் அடி கொஞ்சம் தாமதமாக விழுந்தது. இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்றேன்.

"உட்றா நைனா, எவனுக்குக் கேக்கப் போவுது?" என்றார்.

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, "இந்த ஓட்ட எதுக்கு?" என்று கேட்டவரும் அவர்தான். ஒயரைச் சொருகினால் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கேயிருந்து பென்டிரைவுக்கு எடுக்கலாம் என்று நான்தான் விளக்கினேன். இந்த வசதி இருப்பதைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன் என்று வேறு பீற்றிக்கொண்டேன். "ஓ," என்றார்.

பிறகு மேடையில் என் கைகளுக்கு வேலை குறைந்தது. பாட்டுகள் பெட்டியிலிருந்தே ஓடின. ரிதத்தையும் கீபோர்டிலேயே வைத்துக்கொண்டார். பேஸின் மேல் கம்பியில் வரும் ரிதம் மலிவாகக் கேட்கிறதாம். "கை சும்மாதானே கீது, அந்தத் தட்டப் புடி," என்று சால்வைத் தட்டை என்னிடம் கொடுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் பேஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கிடார் கழுத்தில் மாட்டியே இருந்ததால் தட்டு அதில் இடிக்கும். "அத கயட்டி வெச்சிட்டு புடியேன்," என்றார். ஒரு கச்சேரிக்கு வேனில் இடம் இல்லை என்றார், பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கச்சேரி முடிந்திருந்தது. நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. நானுமே தூரத்தில் கேட்டபோது, பரவாயில்லை, நன்றாகத்தான் வாசிக்கிறேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஓனரிடம் கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. "உன் பொருளு நைனா. நான் இன்னா துன்னுடப் போறனா? பாலசமுத்திரம் ஜாத்திர கடசி. அது முடிஞ்சதும் நானே உன் கையில குடுக்கறேன்," என்றார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். பெட்டி அவரிடம் இருக்கும்வரை நான் தேவையில்லை. பெட்டி என் கைக்கு வந்துவிட்டால் குழுவுக்குப் பேஸ் கிடையாது. பாட்டு வெறும் டப்பாவாகிவிடும். அப்போது அவர் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தால், வேனில் என் இடம், மேடையில் என் இடம், கழுத்தில் கிடார், இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டால்தான் பெட்டியை வெளியே எடுப்பது. இதைப் பெண்டாட்டியிடமும் சொன்னேன். அவள் தன் அண்ணனுக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாள்.

பாலசமுத்திரம் அவள் பிறந்த ஊர் என்பதால் ஜாத்திரைக்கு எல்லோரும் போயிருந்தோம். பொழுது சாயும்போது கச்சேரி ஆரம்பித்தது. நான் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை, தட்டோடு ஓரத்தில் நின்றேன். இரண்டு மூன்று சால்வைகள் ஆயின. அப்புறம் ஒரு பாட்டின் நடுவில் ஓனர் கையை உயர்த்தினார். பாட்டு அடங்கி, அடியில் பேஸ் மட்டும் சுற்ற ஆரம்பித்தது. மைக்கை எடுத்தார்.

"இன்னிக்கி ஒரு முக்கியமான சன்மானம். ரொம்ப வருசமா நம்ம குழுவுல பேஸ் வாசிச்ச கலைஞரு. இந்த ஊரு மாப்பிள்ள! இனிமே கம்பெனில பெரிய வேலைக்குப் போறாரு. ஒரு வாட்டி கை தட்டுங்க!"

தெலுங்கிலும் அதையே சொன்னார். கம்பெனி விஷயத்தை அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சின்ன ஊர்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். என் கையிலிருந்த தட்டை ஓனரின் மச்சான் வாங்கிக்கொண்டார். என்னை மேடை நடுவுக்குத் தள்ளினார்கள். ஓனர் எனக்குச் சால்வை போர்த்தினார். ஆட்டை வெட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பார்களே, சிலிர்த்துக்கொள்ளும்வரை, அப்படித்தான் நின்றேன். அப்புறம் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு நடுவில் என் பெட்டி. நன்றாகத் துடைத்து, மிதிகட்டைமேல் புதிதாகப் பொட்டு வைத்து, ஒயரை அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தது. தட்டை என் இரண்டு கைகளிலும் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

கைதட்டல் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டி என் கையில் இருக்கிறது. பேஸ் நிற்கவில்லை.

கீபோர்டைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு பென்டிரைவ் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து என் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓனர் வீட்டு மாடியில் வழுக்கிய அந்த ஓர் அடி, அதே இடத்தில், அதே தாமதத்தோடு ஒவ்வொரு சுற்றிலும் வந்து போனது. என்னைத் தவிர அது யாருக்கும் கேட்கவில்லை, அவர் சொன்னது சரிதான்.

"சாலு நைனா, போதும், எறங்கு. அடுத்த பாட்டு போவணும்," என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். எனக்கு அந்தத் தட்டை அவர் முகத்தில் வீச வேண்டும் போலிருந்தது. அம்மன் எதிரில் இருந்தாள், தட்டில் வெற்றிலை இருந்தது, பெட்டியில் பொட்டு இருந்தது. மேடைப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கூட்டத்துக்குப் பின்னால் பெண்டாட்டி தன் அண்ணனோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. அவள் ஊரில், அவள் சனத்துக்கு முன்னால், அவள் புருஷனுக்குச் சால்வை. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மாமா, உனுக்கு சால்வ போத்தும்போது எல்லாம் நின்னுட்சி, அடியில ஒண்ணு மட்டும் தும்மு தும்முன்னு போய்க்கினே இருந்திச்சே, அதான் உன் சத்தமா?" என்றாள். "இன்னிக்கிதான் மாமா எனுக்குக் கேட்டுச்சி."

அதுதான் என்றேன். திங்கட்கிழமை கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிடும், தயாராக நில் என்றான் அவள் அண்ணன்.